கொடுத்து வச்ச மகராசி

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் திதி கிடையாது. அப்பாயியின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், அண்ணன். ஜப்பான்காரன் காலத்தில், 1943-இல், மலாயாவின் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில்பாதை போடப் போனவர். அப்போது வயது பத்தொன்பது. எந்த நாளில் செத்தார், எந்த இடத்தில் செத்தார் என்று சொல்ல ஆளில்லை. நாள் தெரியாமல் போனவர்களுக்கு அமாவாசை என்பார்கள். அதனால் ஆடி அமாவாசையன்று மற்றவர்களோடு சேர்த்து அவருக்கும் ஓர் இலை.

இந்த வருடம் அந்த இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிரும்போது ஒரு பாட்டு ஞாபகத்துக்கு வந்தது. தமிழ்ப் பாட்டு இல்லை. அமெரிக்கர்களின் கன்ட்ரி பாட்டு, அவர்கள் ஊர்ப்புறத்துப் பாட்டு வகை. போரில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயைப் பற்றியது. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு அப்பாயி சொன்ன ஒரு வார்த்தை முப்பத்தைந்து வருடமாக என்னோடு இருக்கிறது. இன்றைக்காவது எழுதி வைத்துவிட வேண்டும்.

அப்பா சிங்கப்பூரின் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வெல்டர். தமிழில் டி.எம்.எஸ்., ஆங்கிலத்தில் ஜிம் ரீவ்ஸ். அந்தத் தலைமுறைச் சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் இது அபூர்வமில்லை. ஜிம் ரீவ்ஸ் 1964-இலேயே விமான விபத்தில் போய்விட்டார். எங்கள் ஈசூன் வீட்டிலோ ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் பாடிக்கொண்டிருந்தார். “அவசரப்படாம பாடுறான், ஒவ்வொரு வார்த்தையும் புரியுது” என்பார் அப்பா. கப்பல் பட்டறையில் கற்ற இங்கிலீஷ் அவருடையது. கதை சொல்கிற பாட்டுத்தான் அவருக்குப் பிடிக்கும்.

1990 வாக்கில் வேலையிடத்து நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்த கேசட்டில் அது இருந்தது. ஸ்டாட்லர் பிரதர்ஸ் பாடிய ‘மோர் தேன் எ நேம் ஆன் எ வால்’. சுவரில் இருக்கும் வெறும் பெயரில்லை அவன் என்று பொருள். வர்ஜீனியா மாநிலத்துச் சிற்றூரிலிருந்து வந்த நால்வர் குழு அது. அதில் உச்சக்குரலில் பாடும் ஜிம்மி ஃபார்ச்சூன், ஜான் ரைமல் என்பவரோடு சேர்ந்து எழுதிய பாட்டு. வெளிவந்தது 1989-இல்.

கதை சின்னது. பாடுகிறவன் தூரத்தில் நின்று பார்க்கிறான். ஒரு பெண் கையில் பூவோடு சுவரை நோக்கி நடந்து வருகிறாள். காகிதமும் பேனாவும் எடுக்கிறாள். பிறகு வானத்தைப் பார்த்துக் கடவுளிடம் பேசுகிறாள். அவ்வளவுதான். போர்க்களம் வருவதில்லை, துப்பாக்கி வருவதில்லை. என் பையன் தனிச்சிறப்பானவன் என்கிறாள். அவன் சுவரில் ஒரு பெயர் மட்டுமில்லை என்று அவனிடம் சொல்லிவிடும்படி கடவுளைக் கேட்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இல்லையே என்று அவன் ஏங்கியதைச் சொல்கிறாள். கடவுளுக்காகவும் நாட்டுக்காகவும் எங்கோ தூரத்தில் செத்தான் என்கிறாள். மூன்று வயதிலிருந்தே அவன் சண்டை விளையாட்டு விளையாடியவன் என்கிறாள். இந்த முறை அவன் வீடு திரும்பப் போவதில்லை என்பது தனக்குத் தெரியும் என்று முடிக்கிறாள்.

கடவுளுக்கும் நாட்டுக்கும் என்கிற அந்த வரி எனக்கு எப்போதுமே ஒட்டவில்லை. அது அவள் வாயில் யாரோ வைத்த வார்த்தை மாதிரி இருக்கிறது. ஆனால் அடுத்த மூச்சிலேயே அவள் மூன்று வயதுப் பிள்ளைக்குப் போய்விடுகிறாளே, அங்கேதான் பாட்டு தாயின் கைக்கு வருகிறது. விளையாட்டில் சுடப்பட்டு விழுகிற பிள்ளை சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்து வந்துவிடுவான். எத்தனையோ தடவை வந்திருக்கிறான். ‘இந்த முறை’ என்ற சொல்லுக்குள் அத்தனை சாயங்காலங்களும் இருக்கின்றன.

பாடும் முறையையும் சொல்ல வேண்டும். கதை சொல்கிற இடங்களில் ஜிம்மி ஃபார்ச்சூன் குரல் மட்டும் தனியாகப் போகும். பல்லவி வரும்போது மற்ற மூவரும் வந்து அதைத் தாங்கிக்கொள்வார்கள். தேவாலயப் பாடல் பழகிய குரல்கள். அப்போது எனக்குப் பதினாறு, பதினேழு வயது. எங்கேயோ கேட்ட முறையாக இருக்கிறதே என்று தோன்றியது. பிறகுதான் பிடிபட்டது. சாவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுத்துச் சேர்வார்களே, அந்த அமைப்பு. அழுகிறவளைத் தனியே விடுவதில்லை.

அந்தச் சுவர் வாஷிங்டனில் இருக்கிறது. வியட்நாம் போரில் செத்தவர்களுக்காக மக்கள் கொடுத்த நன்கொடையில் கட்டி 1982 நவம்பரில் திறந்தார்கள். வடிவமைத்தவர் மாயா லின் என்ற சீன வம்சாவளிப் பெண். கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த மாணவி, வயது 21. 1,421 வரைபடங்கள் போட்டிக்கு வந்ததில் அவருடையது தேர்வானது. வெள்ளைப் பளிங்கும் தூணும் எதிர்பார்த்தவர்கள், கறுப்புக் கல்லில் பூமிக்குள் இறங்கும் சுவரைப் பார்த்துக் கோபப்பட்டார்கள். அவமானச் சின்னம் என்றுகூடச் சொன்னார்கள். அவர் பிடிவாதமாக நின்றார். 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், செத்த நாள் வரிசையில். பதவி கிடையாது. தளபதியும் சிப்பாயும் ஒரே அளவு எழுத்தில். ஒரே நாளில் விழுந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். கல்லை அப்படி மெருகேற்றியிருக்கிறார்கள், மகன் பெயரைப் பார்க்கிற தாய்க்கு அதே கல்லில் தன் முகமும் தெரியும்.

அந்தக் கறுப்புக் கல் பெங்களூரிலிருந்து போனது என்பதைப் பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. போரில் பட்டவனுக்குக் கல் நட்டு, ‘பெயரும் பீடும் எழுதி’, மயில்பீலி சூட்டிக் கும்பிட்டவர்கள் என்று சங்கப் பாட்டு நம்மைச் சொல்கிறது. கல்லும் நம் பக்கத்துக் கல்தான்.

இப்போது அப்பாயிக்கு வருகிறேன்.

அவர் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. பாட்டு ஓடி முடிந்ததும் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். “ஏன் தம்பி, இவன் யாருக்காக அழுவுறான்?”

அப்பா கேசட்டை நிறுத்திவிட்டுக் கதையைச் சொன்னார். அந்தம்மா காகிதம் எடுக்கிறாளே, அது எதற்கு என்று அப்பாயிக்கு விளங்கவில்லை. பெயரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்று எங்கோ படித்திருந்த அப்பா, பூப்போட்ட ஐம்பது காசு ஒன்றை ‘தமிழ் முரசு’ நாளிதழ் ஓரத்துக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்துக் காட்டினார். பூ மெல்ல எழும்பி வந்தது. அப்பாயி அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“பேரு எழுதி வச்சிருக்கானுங்களா? எடம் இருக்கா, போய்ப் பார்க்க? கொடுத்து வச்ச மகராசி.”

அப்பா ஒன்றும் பேசவில்லை. நான் பதறிப்போனேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் போய்க் கொடுத்து வைத்தவள் என்கிறாரே! அன்று ராத்திரி படுக்கையில்தான் அப்பாயி தன் அண்ணன் கதையை எனக்கு முழுதாகச் சொன்னார்.

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அன்று கிராணி, தோட்டத்துக் கணக்கர், கையில் வேறு ஒரு தாள். மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு என்றார்கள். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு இல்லாத காலம். ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டுக்குக் கடையில் ஒன்றும் கிடைக்காது. பெயர் வாசிக்கப்பட்டவர்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். ஒரு சாரம், ஒரு தகரக் குவளையோடு அவர் லாரியில் ஏறினார். அப்பாயிக்கு அப்போது பதினைந்து வயது. “அவங்க பேரைக் கடைசியா ஒருத்தன் எழுதினது அந்தத் தாளுலதான் ஆயி” என்றார். சண்டை முடிந்து துரைமார் திரும்பி வந்து தோட்டம் மறுபடி நடக்க ஆரம்பித்தபோது அந்தத் தாள் எங்கே போனதோ, கேட்பாரில்லை.

அந்த ரயில்பாதை சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் சந்தித்தன. வேலையில் செத்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்று ஒரு மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் எவ்வளவோ பேர். வாந்திபேதி, மலேரியா, சீதபேதி, ஆறாத புண். கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், செத்தவன் பெயரை எப்படியாவது குறித்து வைத்தார்கள். அதனால் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இன்று அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. நம் ஆட்களுக்குக் குறிக்க யாருமில்லை. ‘80,000 முதல் 1,00,000 வரை’ என்று வாசிக்கும்போதெல்லாம் அந்த இடைவெளியில்தான் என் கண் நிற்கும். அந்த ‘முதல்’, ‘வரை’க்கு நடுவே இருபதாயிரம் தாய்மாரின் பிள்ளைகள்.

அப்பாயியின் அம்மா, என் பூட்டி, சண்டை முடிந்த பிறகும் பல வருடம் மகனுக்குக் கருமாதி செய்ய விடவில்லை. சாமியாடி சொன்னாலும் கேட்கவில்லை, கங்காணி சொன்னாலும் கேட்கவில்லை. படம் இல்லை, மாலை போட. உடம்பு இல்லை, எரிக்க. சொந்த வீட்டில் அவளுக்கு அழ வழியே இல்லாமல் போயிற்று. வீட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தால் அவன் செத்துவிட்டதாக ஆகிவிடுமே.

ஆகவே அவள் மற்றவர்கள் வீட்டில் அழுதாள். தோட்டத்தில் யார் செத்தாலும், எந்தச் சாதி, எந்த லயமாக இருந்தாலும், முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவாளாம். முதலில் செத்தவருக்காக இரண்டு அடி எடுப்பாள். மூன்றாவது அடியில் ரயில் வந்துவிடும். எல்லோருக்கும் தெரியும். யாரும் தடுக்க மாட்டார்கள். அப்பாயி எனக்குப் பாடிக் காட்டியதில் நினைவில் நிற்பது இவ்வளவுதான்:

சம்பளம் தாரேன்னு சயாமுக்குக் கூட்டிப் போனான்
சாவுக்கு மால போட சனமில்லாமப் போயிருச்சே
ஊரு தெரியலையே நான் பெத்த மகராசா – ஒன்ன
எரிச்ச நாளு தெரியலையே
தண்டவாளம் போட்ட மண்ணு தாய்மடியா ஆயிருச்சே

ஒப்பாரி தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. பெண்கள் அடுத்தவர் சாவில் தங்கள் சாவைத்தான் அழுவார்கள். ஆனால் பூட்டிக்கு அது ஒன்றுதான் வழி. வாஷிங்டன் தாய்க்குச் சுவர் மாதிரி இவளுக்கு அடுத்த வீட்டுப் பாடை. அப்பாயி ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அமெரிக்கக்காரியின் துக்கம் சின்னது என்று அவர் சொல்லவில்லை. பூவை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரிகிறதே என்றுதான் சொன்னார்.

பள்ளியில் அந்த வருடம்தான் புறநானூற்றுத் தாய்மாரைப் படித்தோம். வீரத்தாய் என்று தலைப்புப் போட்டு விடை எழுத வேண்டும். பூங்கணுத்திரையாரின் பாட்டு (277) அப்படித்தான் எனக்கு அறிமுகமானது. கொக்கின் இறகு போல நரைத்த கூந்தலுடைய கிழவி. அவள் மகன் யானையை வீழ்த்திச் செத்தான் என்று சேதி வருகிறது. அவனைப் பெற்ற நாளைவிட மகிழ்ந்தாள். இதுவரைதான் தேர்வுக்கு வேண்டும், ஐந்து மதிப்பெண். பாட்டு அதோடு முடியவில்லை. அவள் கண்ணீர், மழை பெய்து ஓய்ந்த பிறகு மூங்கிலில் தொங்கும் துளிகளைவிட அதிகம் என்றுதான் முடிகிறது. ‘சிதரினும் பலவே.’ கடைசிச் சொல் கண்ணீருக்கு. மூங்கில் காற்றில் ஆட, மழை நின்ற பிறகும் வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். உவகைக் கலுழ்ச்சி என்று துறைக்குப் பெயர் வைத்தவர்கள் உவகையோடு கலுழ்ச்சியையும் சேர்த்தே வைத்தார்கள். நாம்தான் முதல் பாதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மறு பாதியை விட்டுவிட்டோம். நாட்டுக்காக என்று சொன்ன கையோடு மூன்று வயதுப் பிள்ளைக்குப் போன அந்தத் தாயும் இந்தக் கிழவியும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டியவர்கள் என்றே எனக்குப் படுகிறது.

போன மாதம், இரண்டாம் உலகப் போரில் செத்த படையினருக்கான கிராஞ்சி போர் நினைவிடத்துக்குத் தனியாகப் போனேன். ரயில் நிலையத்திலிருந்து உட்லண்ட்ஸ் சாலையில் கொஞ்ச நடைதான். அத்தனை வருடம் பேருந்திலிருந்தே பார்த்துவிட்டுப் போன மேடு. ஏறிப் போனால் வெள்ளைக் கற்கள், 4,400-க்கும் மேல். 850-க்கும் மேற்பட்ட கற்களுக்கு அடியில் இருப்பது யாரென்றே தெரியாது. மேட்டின் உச்சியில் தூண்களில், கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள், படைப்பிரிவு வாரியாகவும் பதவி வாரியாகவும். இந்தியப் படைகளின் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். ஒற்றைப் பெயர்களாக எத்தனையோ சிப்பாய்கள். எங்கள் அடுக்குமாடியில் காலையில் கேட்கும் பெயர்கள், யாரோ ஒரு வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்தில். சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினர், தனியாக ஒரு நினைவுச்சின்னமும் அங்கே உண்டு. அவர்களுடைய சாம்பலுக்கும் ஒரு முகவரி கிடைத்திருக்கிறது. அதில் எனக்கு நிம்மதிதான்.

நேதாஜியின் படைக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகள் அந்தத் தூண்களில் இல்லை. எஸ்பிளனேடில் அவர்களுக்கு 1945-இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதே வருடம் உடைத்துவிட்டார்கள். அந்த இடத்தைக் காட்டும் பலகை 1995-இல்தான் வந்தது. அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். சயாமுக்குப் போனவர்கள் எந்தப் படையிலும் இல்லை, ஆகவே எந்தத் தூணிலும் இல்லை. தெரிந்துதான் போனேன். இருந்தும் தூண் தூணாக அவர் பெயரின் முதல் எழுத்தைத் தேடிக்கொண்டே நடந்தேன். அந்தப் பெயரில் ஒருவர் இருந்தார், வேறு யாரோ. பையில் காகிதமும் பென்சிலும் வைத்திருந்தேன். எடுக்கவில்லை. அது வேறு ஒரு தாயின் பிள்ளை. பெயர்மேல் கையை மட்டும் வைத்துவிட்டு வந்தேன். வெயிலில் கல் சுட்டது.

போன மாதம் ஏன் போனேன் என்றால், அந்த வாரம்தான் என் மகன் தேசிய சேவைக்கு, இங்கே ஆண் பிள்ளைகளுக்குக் கட்டாயமான படைச் சேவைக்கு, போனான். பயிற்சி முகாம் இருக்கும் பூலாவ் தேக்கோங் தீவுக்குப் படகில் நாங்களும் கூடப் போனோம். உறுதிமொழி எடுப்பதைப் பார்த்தோம், அவர்கள் உணவுக்கூடத்தில் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். பெற்றோர்களைத் திருப்பி அனுப்பும் நேரத்தில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார்கள். பக்கத்திலிருந்த சீன அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடம், பத்திரமான தீவு, இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வருவான். அவன் போருக்குப் போகவில்லை. அதை நூறு முறை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் வரிசையில் நின்று பெயர் கூப்பிடுவதைக் கேட்டபோது என் வயிற்றுக்குள் என்ன ஆயிற்று என்று எழுத எனக்குச் சொல் இல்லை.

அவனுக்கும் பத்தொன்பதுதான். பெயரும் அந்தப் பெயர்தான்.

அப்பாயி தன் முதல் பிள்ளைக்கு, என் அப்பாவுக்கு, அண்ணன் பெயரை வைத்தார். வைத்தாரே தவிர ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “தம்பி” என்றே கடைசி வரைக்கும். அண்ணன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற மரியாதையா, வாயில் வராத துக்கமா, தெரியாது. எனக்கு மகன் பிறந்தபோது அப்பா இருந்தார். அவர் பெயரை வைத்தோம். நானும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன், யாரும் சொல்லித் தராமலே.

நேற்று ஞாயிறு. ராத்திரி அவன் முகாமுக்குத் திரும்ப வேண்டும். சாயங்காலம் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுப் பக்கம் ஒட்டும் பெயர்ப்பட்டையைத் தனியாக எடுத்து மேசையில் வைத்திருந்தேன். பச்சைத் துணியில் தைத்த எழுத்துகள், விரலுக்குத் தட்டுப்படுகின்றன. அப்பாவின் பழைய பென்சில் ஒன்று இழுப்பறையில் கிடந்தது. மளிகைச் சீட்டின் பின்பக்கத்தை அதன்மேல் வைத்துத் தேய்த்தேன். தையல் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது.

“அம்மா, என் நேம் டேக் எங்கே?” என்று அறையிலிருந்து குரல் கொடுத்தான்.

“இருடா தம்பி, இன்னும் ரெண்டு எழுத்து” என்றேன்.